பீரங்கிக்குள் ஒரு விலாங்கு

லோரியான் என்ற போர்க்கப்பலை எந்த எதிரியும் மூழ்கடிக்கவில்லை. இதை நான் முதன்முதலாகச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருபத்துநான்கு பேர். அதில் பாதிப் பேர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போதும் யாராவது ஐந்து நிமிடம் ஓய்வாக அகப்பட்டால் அதைத்தான் சொல்லத் தொடங்குவேன். பல்கலைக்கழகத்தில் என் சிநேகிதிகள், "கப்பல் வருகுது, ஓடுங்கோ" என்று தேநீர்க் கோப்பையோடு எழுந்து போய்விடுகிறார்கள். ஆனால் அந்தக் கப்பலால் எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்களுக்குப் பல நாள் சோறு இறங்காமல் போனதை நான் அவர்களிடம் சொன்னதில்லை.

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் ஆசிரியையை 'மதாம்' என்று மட்டும்தான் அழைப்போம். ஒவ்வொருவரும் பாய்மரக் காலத்துப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றைத் தெரிவுசெய்து, அதன் சரித்திரத்தை வகுப்பின் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்று மதாம் சொன்ன அன்று நான் பல்வைத்தியரிடம் போயிருந்தேன். மறுநாள் வந்தால் நல்ல கப்பல்களெல்லாம் போய்விட்டன. மூன்று தட்டுப் பீரங்கிகளோடு இருந்த பெரிய கப்பலை என் பின்மேசைப் பையன் பிடித்துவைத்திருந்தான். அவனுக்கு எதிலும் பெரியதுதான் வேண்டும்.

ஆத்திரத்தோடு நூலகத்துக்குப் போய், தலையணை அளவு புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கங்களில் ஊர்ப்பெயர்களை விரலால் இறக்கிக்கொண்டே வந்தேன். பிரெஞ்சுக்காரரின் கோணல் எழுத்தில் 'திருகோணமலை' இருந்தது. அம்மாவின் ஊர்! அப்பா யாழ்ப்பாணம், அம்மா திருகோணமலை. வீட்டில் சண்டை வந்தால் ஊரைச் சொல்லித்தான் வரும். துள்ளிவிட்டேன். நூலகத்துப் பெண்மணி விரலை உதட்டில் வைத்தார். குறிப்பிட்ட பக்கத்தைப் புரட்டினால், இருந்தது ஒரே ஒரு பந்தி.

அந்தப் பந்தி இன்றும் எனக்கு மனப்பாடம். லோரியான் முதலில் வியாபாரக் கொம்பனி ஒன்றுக்காகக் கட்டப்பட்டு, பிறகு அரசனின் கடற்படைக்கு வாங்கப்பட்டது. எழுபதுக்கு மேல் பீரங்கி. இந்தியப் பக்கம் வந்து ஆங்கிலேயரோடு திரும்பத் திரும்ப மோதிய கப்பல்வரிசையில் அதுவும் ஒன்று. பிரெஞ்சுக்காரர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்துச் சில நாட்களில், வெளிக்கடலில் பெரும் சண்டை நடந்தது. லோரியான் அதில் தப்பிவிட்டது. சண்டை முடிந்து, தங்களுடையதாகிவிட்ட துறைமுகத்துக்குள் திரும்பி வரும்போது, காவல்முறையில் நின்ற அதிகாரி கவனமில்லாமல் இருந்தான். கப்பல் பாறையில் ஏறியது. முடிந்தது கதை. ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு எதிரி பக்கத்தில் இல்லை. பாய்மரங்களை மட்டும் கழற்றி, சண்டையில் மரம் முறிந்த மற்றக் கப்பல்களுக்குக் கொடுத்தார்களாம்.

இவ்வளவையும் நான் வேகமாகச் சொன்னால் இரண்டு நிமிடம்தான் வந்தது. மிச்சம் மூன்று நிமிடத்துக்கு எங்கே போவது?

அங்கேதான் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. பத்து மாதமாக எங்கள் வரவேற்பறைச் சோபாவில் படுக்கிறவர். டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் பின்னேரத்திலிருந்து கோப்பை கழுவுவார். அவருக்கு இங்கே அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதை எங்கள் வீட்டில் 'கேஸ்' என்பார்கள். நீல நிறக் கோப்புறை ஒன்று குளிர்ப்பெட்டிக்கு மேல் இருக்கும். அதற்கு மேல் வேறொன்றும் வைக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுக் கேஸ் விசாரணைக்கான ஒத்திகை தொடங்கும். அப்பா வாசிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டால் நீதிபதி. அம்மா வழக்கறிஞர். நான் கொப்பியில் திகதிகளைப் பார்த்துச் சரி பிழை போடுகிறவள். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற அப்பாவுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வரும் என்று எனக்கு ஆச்சரியம்.

"அந்த நேரம் நீர் என்ன வேலை செய்தனீர்?"

"மரக்கறிக் கடையில உதவிக்கு நிண்டனான்."

"எத்தினை வருசம்?"

மாமா நிலத்தைப் பார்ப்பார்.

"மச்சான், நிலத்தைப் பாக்காதையும். நிலத்தில என்ன எழுதியிருக்கோ? அங்க இப்பிடிப் பாத்தீரெண்டால் கதை முடிஞ்சுது."

"அத்தான், நீங்கள் கண்ணாடியைக் கழட்டினா எனக்குக் கொஞ்சம் கதை வரும்."

எனக்குச் சிரிப்பு வரும். அம்மா முறைப்பாள். மாமாவின் சட்டையில் அக்குள் நனைந்திருக்கும்.

மாமா மரக்கறிக் கடையில் நின்றது உண்மை. மாரியில் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நின்றார். மற்ற மாதங்களில் அவர் சங்கு குளித்தவர். படகிலிருந்து மூச்சடக்கி இறங்கி, அடியில் கிடக்கிற சங்கைப் பொறுக்கி மேலே வருகிற தொழில். இது கேஸுக்குக் கொடுத்த படிவத்தில் இல்லை. எழுதவேண்டாம் என்று முடிவெடுத்தது எங்கள் சாப்பாட்டு மேசை. மாமாவின் உண்மையான வழக்கறிஞருக்கே தெரியாது. யுத்தகாலத்துத் திருகோணமலையில் தண்ணீருக்கடியில் மூச்சடக்கத் தெரிந்தவன் என்றால், துவக்கு வைத்திருந்த எல்லோருக்கும் அவன்மேல் ஒரு கண். ஆருக்காகச் சுழியோடினாய் என்று அங்கே பிடித்து அடித்துக் கேட்டார்கள். இங்கேயும் அதே கேள்வி வந்தால்? சங்குக்காக மட்டும் இறங்கியவர் என்று சங்கா வந்து சாட்சி சொல்லும்? ஆகவே அந்தப் பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியை எழுதி, மாமா கையெழுத்தும் வைத்துவிட்டார். இனி அதை மாற்றினால் கள்ளன் என்றுதான் பார்ப்பார்கள் என்பது அப்பாவின் பயம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரியவந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது மாமா கேஸில் வெல்லவேண்டும், தோற்றால் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது மட்டும்.

மார்ச் விடுமுறையில் அம்மா என்னை மாமாவோடு நகரசபை நீச்சல் குளத்துக்கு அனுப்பினாள். பெரியவர் ஒருவர் கூட வந்தால்தான் உள்ளே விடுவார்கள். மாமா அப்பாவின் அரைக்காற்சட்டையும், கட்டாயம் போடவேண்டிய றப்பர்த் தொப்பியுமாக, கரையில் காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு ஒரு கோயில் ஐயர் போல உட்கார்ந்திருந்தார். என் வெள்ளிக் கைச்சங்கிலி கழன்று ஆழமான பக்கத்தில் விழுந்தது. அம்மா ஏசப்போகிறாளே என்று அழத் தொடங்கினேன்.

"எவடத்தில விழுந்தது?" என்று மட்டும் கேட்டார். ஒரு சொட்டுத் தெறிக்காமல் இறங்கினார். எண்ணத் தொடங்கினேன். அறுபது. எண்பது. கீழே நிழல் மாதிரி மெதுவாக நடந்து திரிந்தார். நூறு தாண்டியதும் காவல் நின்ற பெண் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தாள். அவள் குதிக்கப்போகிற நேரம் மாமா மேலே வந்தார். மூச்சுக்கூட வாங்கவில்லை. உள்ளங்கையில் என் சங்கிலி, இரண்டு தலைக்கிளிப், ஒரு இருபத்தைந்து சதம்.

"மற்ற ஆக்களின்ரையும் கிடந்தது" என்றார்.

பஸ்ஸில் நான் அவரை விடவில்லை. எங்கே பழகினது, எவ்வளவு ஆழம், சுறா கண்டதா? மாமா வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு ஒன்று இரண்டு சொல்லாகச் சொன்னார். சங்கு குளித்ததைச் சொன்னார். அப்போதுதான் என் கப்பலை அவிழ்த்துவிட்டேன். பாறை, கவனமில்லாத அதிகாரி, எல்லாம்.

"மாமா, நீங்கள் அதைக் கண்டனீங்களோ?"

"கடலுக்கை எவ்வளவு இரும்பு கிடக்கு. ஆர்ர எண்டு ஆர் கேட்டது?"

"பீரங்கி?"

கொஞ்சம் யோசித்தார். முகம் முதல்தடவையாக இளகியது. "நீளமா ஒண்டு கிடந்தது. ஆள் படுத்த நீளம். முழுக்கச் சிப்பி பிடிச்சுப் போச்சு. வாய்க்குள்ள ஒரு விலாங்கு குடியிருந்தது. நான் கிட்டப் போனா தலையை நீட்டிப் பாக்கும், வீட்டுக்காரன் கதவு திறக்கிற மாதிரி." பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தி, "நான் தண்ணிக்குள்ள இறங்கினதைக் கொம்மாவுக்குச் சொல்லாதை, பிள்ளை" என்றார்.

நான் வாக்குத் தவறாதவள். அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஏப்ரலில், இருபத்துநான்கு பேருக்கும் ஒரு மதாமுக்கும் சொன்னேன்.

என் இரண்டு நிமிடச் சரித்திரம் முடிந்ததும் பின்மேசைப் பையன், பிரெஞ்சில், "அவ்வளவுதானா? சண்டையில்கூடச் சாகாத கப்பல்" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. என் மாமா அதன் பீரங்கியைத் தொட்டிருக்கிறார் என்றேன். 'நம்போர்த் குவா' என்றான் அவன், வாய்க்கு வந்ததை அளக்காதே என்கிற அர்த்தத்தில். அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. மாமா மூச்சடக்கி எத்தனை எண்ணும்வரை கிடப்பார், எவ்வளவு ஆழத்துக்குப் போவார், விலாங்கு எப்படித் தலையை நீட்டும் என்று கைகளால் காட்டினேன். யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். மதாம் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். மணி அடித்தபோதும் ஒருவரும் எழும்பவில்லை. அதைப்போன்ற ஒரு வெற்றி எனக்குப் பிறகு கிடைத்ததே இல்லை.

எங்கள் வீட்டில் பிரெஞ்சில் எந்தக் காகிதம் வந்தாலும் வாசித்துச் சொல்கிறவள் நான்தான். மின்சாரக் கட்டணம், வீட்டுக்காரரின் கடிதம், எல்லாம். அன்று மாமா வேலைக்குப் போகுமுன் எல்லோரும் மேசையில் இருந்த நேரம், என் பள்ளிக்கூட நாட்குறிப்பில் மதாம் வீட்டுக்கு எழுதியிருந்ததை, பரிசு வாங்கியவள் மாதிரி எழுந்து நின்று தமிழில் சொன்னேன்.

"உங்கட மகள் மிக அருமையாப் பேசினவா. சுழியோடியான அவவின்ர மாமாவை வகுப்புக்குக் கூப்பிட எல்லாரும் ஆசைப்படுறம். அவரைப் படம் எடுத்துப் பள்ளிக்கூடச் செய்தித்தாளில போடுவம். விலாங்கைப் பற்றியும் கேப்பம்."

அம்மா கறி அள்ளின அகப்பையை அப்படியே பிடித்தபடி நின்றாள். குழம்பு மேசை விரிப்பில் சொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

"எடியே, ஆரைக் கேட்டு உதைச் சொன்னனீ?"

"வகுப்பில எத்தினை பேர்?" என்றார் அப்பா.

"இருபத்துநாலு."

"அதுகள் வீட்டை போய்த் தாய் தேப்பனுக்குச் சொன்னா?" அப்பாவே உதட்டுக்குள் பெருக்கிக்கொண்டார். "ஆற்றையும் தேப்பன் இமிக்ரேஷனில வேலையோ?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்லி உதவலாம் என்று நினைத்தேன். "ஒராளின்ர அம்மா பொலிஸ்."

அம்மா கதிரையில் இருந்துவிட்டாள். விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

"நீ வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்தா என்னடா தம்பி?"

"அக்கா, பத்து மாசமா வாயை வச்சுக்கொண்டு சும்மாதானே இருக்கிறன்" என்றார் மாமா. பிறகு, "பிள்ளையை ஏசாதேங்கோ" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. அப்பாவும் அம்மாவும் கதவையே பார்த்தார்கள். மாமா கையில் சோற்றோடு குளியலறைக்குள் போய்விட்டார், நடந்து போனதாகவே தெரியவில்லை. அப்பா கதவைத் திறந்தபோது கீழ்வீட்டுக்காரர் நின்றார். எங்கள் கடிதம் ஒன்று தன் பெட்டிக்குள் விழுந்துவிட்டதாம். அப்பா அவருக்கு நாலு தரம் 'மெர்சி' சொன்னார். மாமா வெளியே வர வெகுநேரம் எடுத்தது. அன்று அவர் வேலைக்குப் பிந்திப் போனார்.

பள்ளிச் செய்தித்தாளை எந்த நீதிபதி வாசிக்கப்போகிறார் என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் ஒரு சொல் எங்கிருந்து எங்கே போய்ச்சேரும் என்று தெரியாத ஊரிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அங்கே, தேநீர்க் கடையில் சொன்ன ஒரு சொல்லுக்காக ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுத் தீர்ப்பு அடுத்தநாள் காலையில் வந்தது. நான் வகுப்பில் எழுந்து, சொன்னதெல்லாம் பொய் என்று சொல்லவேண்டும்.

"ஆனா அது பொய்யில்லையே! பொய் சொல்லக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அது வேற பொய்" என்றார் அப்பா. வேறு எந்தப் பொய் என்று அவர் விளக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான்தான் உன்ர மதாம். சொல்லு பாப்பம்."

நான் அழுதுகொண்டே ஒத்திகை பார்த்தேன். மாமா சோபாவில் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடந்தார். அவர் தூங்கவில்லை என்பது போர்வைக்கே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை, வாசிப்பு நேரம் முடிந்ததும் கையை உயர்த்தினேன். மதாம், மாமா எந்த நாள் வருகிறார் என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்து முகம் மலர்ந்து என்னை முன்னுக்குக் கூப்பிட்டார். நான் சொன்னேன். என் மாமா சுழியோடி இல்லை. அவருக்கு நீந்தத் தெரியாது. மரக்கறிக் கடையில் வேலை செய்தவர். எல்லாம் நானே கட்டினது.

பின்மேசைப் பையன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. ஏமாந்தவன் மாதிரிப் பார்த்தான். அது இன்னும் கேவலமாக இருந்தது.

மதாம் மெல்லிய குரலில், "அப்போ அந்த விலாங்கு?" என்றார்.

"அதுவும் நான்தான்" என்றேன்.

கப்பலை விட்டுக்கொடுத்தேன், மாமாவை விட்டுக்கொடுத்தேன், வகுப்பின் முன்னால் அதுவரை வராத அழுகை அந்த விலாங்குக்காக வந்தது. மதாம் எனக்குக் கற்பனைவளம் இருப்பதாகவும், சரித்திரத்தையும் கற்பனையையும் கலக்கக்கூடாது என்றும் நாட்குறிப்பில் எழுதினார். அதையும் நான்தான் வீட்டில் வாசித்துச் சொன்னேன். அம்மா கோயிலில் நேர்த்திக்கடன் முடித்தவள் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமாவின் கேஸ் சரிவந்தது. அங்கே கடலைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். இப்போது அவர் லவாலில் வீடு வாங்கி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தியது. விசாரணை இன்னும் வராத அந்த வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட நேரம்.

வாசலில் மாமா நின்றார். வழக்கமாக அந்த நேரம் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பவர். என் புத்தகப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். அங்கே இருந்த இருக்கையில் உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"சொன்னியோ?"

"ஓம்."

"நம்பினவையோ?"

"நம்பினவை."

"ஆரைப் பாத்துக்கொண்டு சொன்னனீ?"

"மதாமின்ர மூக்குக்கண்ணாடியை. கண்ணைப் பாத்தா வராது, மாமா. கண்ணாடியின்ர விளிம்பைப் பாத்தனான்."

"கையை என்ன செய்தனீ?"

"சுவெட்டர்க் கைக்குள்ள இழுத்து விட்டிட்டன்."

"கேள்வி கேட்டவவோ?"

"ஒண்டுதான். விலாங்கைக் கேட்டவா."

"யோசிச்சுச் சொன்னனியோ, உடன சொன்னனியோ?"

"உடன."

மாமா தலையை ஆட்டினார். கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே இவ்வளவும், என்னை வைத்து விளையாடுகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், "இன்னொருக்கால் சொல்லிக் காட்டு, பிள்ளை. முதல்ல இருந்து" என்றார்.

நான் அவருக்கு முன்னால், நடைபாதையில் நின்று சொல்லிக் காட்டினேன். அவருக்கு விளங்குவதற்காகத் தமிழில் சொன்னேன். என் மாமா சுழியோடி இல்லை. அவருக்கு நீந்தத் தெரியாது. மரக்கறிக் கடையில் வேலை செய்தவர். மாமாவின் உதடு என்னோடு சேர்ந்து சத்தமில்லாமல் அசைந்தது. அவர் தன் இரண்டு கைகளையும் ஜக்கெட் கைக்குள் மெல்ல இழுத்துக்கொண்டார்.

ஏப்ரல் குளிர் அவருக்கு இன்னும் பழகவில்லை என்று நினைத்தேன். அவருக்குச் சின்னனாய் இருக்கும் என்று தெரிந்தும், என் கையுறைகளைக் கழற்றி நீட்டினேன்.